அரைப்பேர்

பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பதை
மஸ்கெலியாவிலிருந்து வந்த நலன்புரி அதிகாரி
போட்டோ எடுத்துக்கொண்டார்.
சுவரில் ஒரு யானை. தும்பிக்கை
ஜன்னல்வரை போய், இடம் போதாமல்
மடங்கிக் கிடக்கிறது.
வாசலில் மூன்று மொழியிலும் பலகை:
தாய்மாருக்கு ஏற்ற தோட்டம்.
தமிழில் மட்டும் ஒரு கால் குறைவு,
'தாய்மருக்கு' என்று.

பால் கொடுக்கக் காலையில் ஒருதரம், பகலில் ஒருதரம்
மலையைவிட்டு இறங்கலாம்.
யாரும் தடுப்பதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
கங்காணி மாணிக்கராஜா நல்ல மனிதர்.
பத்து மணிக்கு அவரே விசில் ஊதுவார்:
"பால் குடுக்கிறவங்க எறங்குங்க!"

ஏழாம் நம்பர் மலையிலிருந்து காம்பராவுக்கு
நானூற்றிப் பன்னிரண்டு படி.
இறங்கும்போது மார்பு கனக்கும்,
ஏறும்போது மூச்சு.
காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கி எறிந்து,
படங்கை அவிழ்த்து, கை கழுவி உட்கார்ந்தால்
சாறு கறுத்த என் விரல்களைப் பார்த்துவிட்டுத்தான்
வாய் திறப்பாள் மகள்.
அவளுக்கென்ன அவசரம்?
குடிப்பாள். நிறுத்துவாள். யானையைப் பார்ப்பாள்.
மறுபடி குடிப்பாள்.
எனக்குள்தான் தராசு முள்
ஆடிக்கொண்டே இருக்கும்.

நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ.
சாக்குக்கும் மழைத்தண்ணிக்கும் கழித்தது போக
எனக்குப் பதினாறு.
செக்ரோலில் அரைப்பேர் விழுந்தது.

என் பெயர் ஞானமலர்.
பாதி என்றால் எந்தப் பாதி?
ஞானமா, மலரா?

சத்தியசீலன் கவ்வாத்து வெட்டுகிறான்.
இத்தனை செடி என்று எண்ணிக் கொடுப்பார்கள்,
வெட்டி முடித்தால் பன்னிரண்டுக்கே முழுப்பேர்.
சோம்பேறி இல்லை அவன்.
ராத்திரியில் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்ப்பவள் நான்,
எனக்குத் தெரியும்.
நாள் சம்பளமும் இருவருக்கும் ஒன்றுதான்,
காகிதத்தில் ஒரு சதம் பிசகில்லை.
அதிகாரியும் அதையே சொன்னார்:
"இங்கே ஆணும் பெண்ணும் ஒன்று."
ஒன்றுதான்.
அவனுடைய ஒன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடும்.
என்னுடையது அந்திவரை மலையில் நின்று
அரையாகத் திரும்பும்.

பத்தாம் தேதி, மா டின்னின் மேல்
இரண்டு சம்பளத் துண்டையும் விரித்து வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
நெடுநேரம் என்னுடையதையே வாசித்தான்,
ஏதோ தெரியாத பாஷையைப் போல.

வியாழக்கிழமை பகல். நல்ல மழை.
நான் இறங்கப் புறப்படுகையில்
கீழிருந்து ஒரு கறுப்புக் குடை ஏறி வருகிறது.
குடைக்குள் அவன். துவாலைக்குள் அவள்.
நிரை முழுவதும் சிரித்தது.
"என்னடி, ஒங்க வீட்டுல காம்பராவே நடந்து வருது!"
என்றாள் புஷ்பகாந்தி.
சவுக்கு மரத்தடியில் குடையைச் சாய்த்து
நான் பால் கொடுத்தேன்.
அவன் என் சாக்கை மாட்டிக்கொண்டு
கொழுந்து கிள்ளினான், கரட்டு இலையும் காம்புமாக,
கத்தி பழகிய கை.
கங்காணி வந்து நின்றார்.
"ஒம் பேரு காலையிலேயே விழுந்திருச்சேப்பா.
இத யாரு பேருல போடுறது?"
செக்ரோலைப் புரட்டிப் பார்த்தார்.
அதற்கு அதில் இடமில்லை.

அந்தி நிறுவையில் பதினெட்டே முக்கால்!
மூச்சை விடுவதற்குள்
கரட்டு இலைக்கு ஒரு கிலோ வெட்டினார்.
பதினேழே முக்கால்.
ஒரு கால் குறைவு.
அன்றைக்கும் அரைப்பேர்.

இரவு மண்ணெண்ணெய் வாடையில்
பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னான்,
"ஏழாம் நம்பருக்குப் படி எண்ணினேன் இன்னைக்கு.
நானூத்தி ஒம்பது."

பிள்ளையைச் சுமந்து ஏறியவன்கூட
எனக்கு மூன்று கழிக்கிறான்.

"பன்னெண்டு" என்றேன்.
"நாளைக்கும் வா. மறுபடி எண்ணு."